பாக்ஸ் ஹில்தா ஹை

டாலிகஞ்சில் நான் ஒர்க்‌ஷாப் நடத்திய நாட்களில், ஸ்டீயரிங் லூஸ் என்று எந்த வண்டி வந்தாலும் என்னிடம் ஒரே வைத்தியம்தான்: ஸ்டீயரிங் பாக்ஸின் மேலுள்ள அட்ஜஸ்டிங் ஸ்குரூவை முடுக்குவது. வண்டிக்கு அடியில் பார்க்காமலே முடுக்கிவிடும் அளவுக்கு நான் அனுபவசாலி.

ஒரு கான்ட்ராக்டரின் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை அவருடைய டிரைவர் பிஸ்வாஸ் கொண்டுவந்தார். தீவுகளின் வடகோடியிலுள்ள திக்லிபூர்க்காரர், வங்காளி.

"மிஸ்திரி, பாக்ஸ் ஹில்தா ஹை."

ஹில்தா ஹை என்றால் ஆடுகிறது. முப்பது வருஷமாகத் தீவு இந்தி பேசும் மேதை நான், அதை 'லூஸ்' என்று மொழிபெயர்த்துக்கொண்டு ஸ்குரூவை அரைச் சுற்று முடுக்கி அனுப்பினேன். மறுவாரமும் வந்து அதையே சொன்னார். இன்னொரு அரைச் சுற்று முடுக்கினேன்.

மூன்றாம் வாரம் பெரார்கஞ்ச் வளைவில் ஜீப் ரோட்டை விட்டு இறங்கி நெல் வயலில் போய் நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு, பிஸ்வாஸையும் கூட்டிக்கொண்டு கான்ட்ராக்டர் வந்தார். ராமநாதபுரத்துக்காரர். சிமெண்டிலிருந்து அடுத்தவர் பல்வலிவரை எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு தயாராக இருக்கும்.

"ரெண்டு தடவை நீங்க முடுக்கிக் குடுத்தும் வயல்ல விட்டுட்டான் மிஸ்திரி. வண்டில கோளாறு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னிக்கே இவன திக்லிபூர் பஸ்ல ஏத்தி விட்டுர்றேன்."

பிஸ்வாஸுக்குத் தமிழ் புரியும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைய என் கணக்கில், நான் முடுக்கியது தப்பாக இருக்க முடியாதே.

"ஏக் பார் நீச்சே தேக்கோ, மிஸ்திரி" என்றார் பிஸ்வாஸ். ஒருமுறை அடியில் பார் என்கிறார்.

கான்ட்ராக்டரையே சீட்டில் உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் படுத்தேன். டயர் அசையவில்லை. பாக்ஸ்தான் முழுசாக நகர்ந்தது. அதைத் தாங்கும் சேஸிஸ் சட்டம் உப்புக்காற்றில் அரித்து, போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விரிசல் விட்டிருந்தது. விரிசலின்மேல் பளபளவென்று கறுப்பு பெயின்ட். சில மாதம் முன்பு ஃபிட்னஸ் செக்கிங்குக்காக அதை அடித்த கலைஞனும் நான்தான். போதாததற்கு, நான் முடுக்கிய முடுக்கில் ஸ்டீயரிங் வளைவு முடிந்தும் நேராகத் திரும்பாமல் இறுகிக் கிடந்தது.

"என்ன மிஸ்திரி, வண்டி நல்லாத்தான இருக்கு?" என்றார் மேலேயிருந்தவர்.

"வண்டியும் சரியில்ல, மிஸ்திரியும் சரியில்ல சார். டிரைவர் மட்டுந்தான் சரியா இருக்கார்."

சேஸிஸில் பிளேட் வைத்து வெல்டிங் செய்து, ஸ்குரூவையும் தளர்த்திக் கொடுத்தேன். பிஸ்வாஸின் வேலை தப்பியது.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: ஸ்பேனரைத் தொடுமுன் ஒருவரை ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பாருங்கள். டிரைவர் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதுங்கள்.

இனி ஜீப்பை எந்த ஒர்க்‌ஷாப்பில் விடுவது என்பதை டிரைவரே முடிவு செய்யட்டும் என்று கான்ட்ராக்டர் பெரிய மனசு பண்ணினார். அதற்குப் பிறகு அந்த ஜீப் என்னிடம் வரவே இல்லை.