கரண்டிகளுக்கு அடியில் ஒரு பெயர்

ஏழு வயதில் வந்த மூளைக்காய்ச்சலை வென்றாள். ஒரு காது மட்டும் போனது. காது கேட்காதவளுக்குக் கடைசி பெஞ்சு போதும் என்ற பள்ளிக்கூடத்துக்கு இரண்டாம் வகுப்போடு கும்பிடு போட்டாள். பொம்பளைக்கு உப்புத்தாள் போதும் என்ற மரப்பட்டறையில், பதினொரு வருடம் பலகை தேய்த்துக்கொண்டே கண்ணாலேயே வேலையைத் திருடி, உளியைக் கையில் வாங்கினாள். பேருந்துப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே நாற்பத்திரண்டாம் வயதில் எழுத்துக்கூட்டினாள். தங்கையைப் பற்றி யார் கேட்டாலும் அக்கா இந்த வரிசையில்தான் சொல்வாள், ஒன்றுகூட விடமாட்டாள்.

மிச்சம் இருந்தது கையெழுத்து.

பட்டறையில் அலமாரி செய்து முடித்தால், அடி இழுப்பறையின் கீழ்ப்புறம் செய்தவர் பென்சிலால் கையெழுத்துப் போட வேண்டும். தங்கை செய்தவற்றுக்கெல்லாம் மேஸ்திரிதான் போட்டார். அந்த வாரம் முதலாளி சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் நீயே போடும்மா. போட்டா தனி மேசை உனக்கு. இல்லன்னா மேஸ்திரிக்குக் கீழதான்."

நோட்டு நோட்டாக எழுதிப் பார்த்தாள். மூன்றாம் எழுத்தில் கை நடுங்கி நின்றுவிடும். முழுப்பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

ஞாயிறு காலை, சமையலறையிலிருந்து அக்காவின் கணவர் கத்தினார்.

"இங்க வாயேன், டிராயர் கழண்டு கையோட வந்துடுச்சு!"

தையல் மெஷினிலிருந்து அக்கா நிமிரவே இல்லை. "எலாஸ்டிக் வச்சுத் தரேன். அதுவரைக்கும் வெளிய வராதீங்க."

"கரண்டி டிராயர்டி!"

தங்கையின் நல்ல காதில் அது விழுந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

குழாய்த் தண்ணீர் ஒழுகி அடிப்பலகை ஊறி உப்பியிருந்தது. பிளந்த முன்பலகை அவர் கையில்.

"ரெண்டு ஆணி அடிச்சா நிக்காதா?"

"நீங்க போன தடவை அடிச்ச ஆணிதான் மாமா இதைப் பிளந்திருக்கு."

பழைய பசையைச் சுரண்டினாள். பிளவில் புதுப்பசை விட்டு, அக்காவின் தையல் நாடாவால் இறுக்கிக் கட்டினாள். அது காய்வதற்குள் புது அடிப்பலகையை அறுத்து நான்கு ஓரமும் தேய்த்தாள்.

"யார் ரிப்பேர் பண்ணினதுன்னு எழுதிடு. நாளைக்கு உடைஞ்சா யாரைப் பிடிக்கிறது?" என்றார் மாமா.

"என்னைத்தான் பிடிங்க!" என்று சிரித்தபடியே பென்சிலை எடுத்துப் பலகையில் கிறுக்கினாள். டிராயரின் பின்பக்கமாகக் காடிப் பள்ளத்தில் நுழைத்தாள், பசை வைத்தாள். சாயங்காலம் ஒற்றை விரலால் தள்ளினாள். சத்தமில்லாமல் போய் மூடிக்கொண்டது.

கரண்டிகளை அடுக்க அக்கா திறந்தாள்.

"ஏண்டி, அடியில இருக்க வேண்டியது மேல இருக்கு?"

பலகை மறுபுறமாக நுழைந்திருந்தது. பெயர் உள்ளே மல்லாந்து கிடந்தது.

"ஐயோ! இரு அக்கா, தேய்ச்சு எடுத்துடறேன்." தங்கை உப்புத்தாளுக்குக் கை நீட்டினாள்.

"தொட்டே, கையை ஒடிப்பேன். முதல்ல படி."

குனிந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். கடைசி எழுத்துவரை ஒரு நடுக்கம் இல்லை.

"நானா போட்டேன்?"

"பின்ன, கரண்டியா போட்டுச்சு?"

மறுநாள் பட்டறையில் எல்லார் முன்னாலும் போட்டாள். தனி மேசை கிடைத்தது. பட்டறை நோட்டில் அந்தத் திங்கட்கிழமையைத்தான் குறித்து வைத்திருக்கிறார்கள். அது தவறு. அவள் முதன்முதலில் கையெழுத்துப் போட்டது 2014 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை.