ஒரு டம்ளர் இரும்பன்புளி

ஆனந்தியிடம் போய் யாராவது "இயற்கைதானே, என்ன செஞ்சுடும்?" என்று கேட்டால், அவள் கையில் இருக்கும் கரண்டி எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரியான எனக்கே அப்படிக் கேட்பவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊர் பெருமாட்டியில் ரோட்டோரமாகச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாள் ஆனந்தி. காய்கறி அவள் பேச்சைக் கேட்கும். கொத்தமல்லியை வேரோடு ஈரத்துணியில் சுற்றி வைப்பாள், வாடாது. நறுக்கிய வாழைக்காயை மோர் கலந்த தண்ணீரில் போடுவாள்; கறுக்காது. பாகற்காயை உப்பில் பிசறிப் பிழிந்தால் பாதிக் கசப்பு போய்விடும். அவள் மீன்குழம்புக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கொல்லையில் நிற்கும் இரும்பன்புளி மரம். விரல் நீளக் காய். கடித்தால் கண்ணை மூடவைக்கும் புளிப்பு. குழம்புக்கு நாலைந்து காயைக் கீறிப் போடுவாள். மிச்சத்தை நசுக்கிக் குத்துவிளக்கைத் தேய்ப்பாள். களிம்பெல்லாம் கழன்று பித்தளை பளபளக்கும்.

அந்தக் காயைத்தான் அவள் புருஷன் குருசாமி சாறு பிழிந்து, தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்தார்.

அவருக்குக் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார். அவருடைய அக்கா சிவசங்கரி, ஆனந்தி 'நங்கை' என்று கூப்பிடும் நாத்தனார், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ போட்டாள். இரும்பன்புளிச் சாறு குடித்தால் கொழுப்பு கரையுமாம், மாத்திரையே வேண்டாமாம். மரம் கொல்லையிலேயே நிற்கிறது. விட்டாரா மனுஷன்?

"வெளக்குத் தேய்க்கற புளிங்க அது, வயித்துக்குள்ள ஊத்தாதீங்க" என்று ஆனந்தி கத்தினாள்.

"அக்கா எனக்குக் கெடுதலாச் சொல்லப்போவுது? நீ கொழம்புல போடறயில்ல?"

"கொழம்புல நாலு காய் போடறதும் டம்ளர்ல ஊத்திக் குடிக்கறதும் ஒண்ணுங்களா?"

அவர் மாத்திரையை நிறுத்தினார். சாற்றை நிறுத்தவில்லை. ஆனந்தி கடைக்குப் போனதும் தானே மிக்ஸியில் அடித்துக் குடித்தார். கொஞ்ச நாளில் வாந்தி. கால் வீங்கியது. சிறுநீர் ஏறக்குறைய நின்றே போனது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்ட டாக்டர், பதிலைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். அந்தப் புளிப்பில் இருக்கும் அமிலம் கிட்னிக்குள் படிந்து அடைத்துவிட்டதாம். டயாலிசிஸ் செய்துதான் உயிரைப் பிடித்து வைத்தார்கள். கிட்னி பழையபடி வேலை செய்யுமா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

கடை பூட்டிக் கிடந்தது. அந்த நாட்களிலும் சிவசங்கரி குரூப்பில் குறிப்புகள் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் சர்க்கரையை விரட்டுமாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆனந்தி அதைக் காட்டியபோது போனைத் தூக்கித் தரையில் அடிக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

குருசாமி வீடு திரும்பியதும் சிவசங்கரி பார்க்க வந்தாள், கையில் ஒரு பாட்டிலோடு. நானும் அங்கேதான் இருந்தேன்.

"வாழைத்தண்டுச் சாறு. கிட்னியக் கழுவி உட்ரும். குடி கண்ணு."

டாக்டர் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்கச் சொல்லியிருந்தார். எந்தச் சாறும் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். இருந்தும் குருசாமி கையை நீட்டினார். இவ்வளவு பட்ட பிறகும் கையை நீட்டினார்!

ஆனந்தி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க நங்கை, உங்களுக்கும் கொழுப்பு இருக்குதல்ல? நீங்க அந்தப் புளிச்சாறு குடிச்சீங்ளா?"

"எனக்கு அந்தப் புளிப்பு ஆகாது. நான் டாக்டர் குடுத்த மாத்திரையத்தான் போட்டுக்கறேன். ஒரு நாள் உட்டாலும் பயமா இருக்குதே."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குருசாமியின் கை மெல்ல மடியில் இறங்கியது.

"ஆனந்தி, டாக்டர் குடுத்த மாத்திரைய எடுத்துக் குடு" என்றார்.

அளந்து வைத்திருந்த தண்ணீரிலிருந்து ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்தாள் ஆனந்தி. மறுநாள் காலையில் அவருக்கு மறுபடியும் டயாலிசிஸ் இருந்தது.