பள்ளத்தாக்கு தெரியும் அறை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூன் விடுமுறையில் நடந்தது இது. சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் எங்கள் வீடு. நான் உட்லண்ட்ஸில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. அந்த ஏப்ரலில் ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே, தங்கச்சி வீட்டில் ஒரு ரூம் காலியாக இருக்கிறது, அங்கே போய் இருந்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னாள். சண்டை எதுவும் நடக்கவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம்; ஒரு மகள்.

ஆடிப்போய்விட்டேன். நாம் இரண்டு பேர் மட்டும் ஒரு தடவை எங்கேயாவது போய் வருவோம், அப்புறம் முடிவு பண்ணு என்று கெஞ்சினேன். சரி என்றாள்.

அந்தச் சரியைப் பிடித்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் விடுதி தேடுவதே வேலை. மலேசியாவில் மலாக்கா, குளுவாங், கேமரன் மலை என்று பதினோரு விடுதிகளை எக்செல்லில் ஏற்றினேன். தம்பதிகள் எழுதிய ரிவ்யூ எல்லாவற்றையும் படித்தேன். கடைசியில் கேமரன் மலையில் ஒரு பழைய துரை பங்களாவைத் தேர்ந்தெடுத்தேன். மாடி ரூம், பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி, கட்டிலில் ரோஜா இதழ். இதைப் பார்த்தால் அவள் மனசு மாறிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். விடுதியிலிருந்து ஈமெயில் வந்தது, சாப்பாடு, உடம்பு விஷயமாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. ஒன்றுமில்லை என்று நானே பதில் போட்டேன்.

விடியும் முன்பே உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குள் போய்விட்டோம். மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் பிரச்சினை இல்லை. மலை ஏற ஆரம்பித்த நாலாவது வளைவிலேயே காரை நிறுத்தச் சொன்னாள். ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். தண்ணீர் பாட்டிலோடு பின்னால் நின்றபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மகள் சின்னவளாக இருந்தபோது கெந்திங் மலைக்குப் போனோம்; அன்றைக்கும் இதே கதைதான். அப்போதும் பாட்டிலோடு நின்றவன் நான்தான். மேலே போய்ச் சேர்வதற்குள் இன்னும் மூன்று தடவை நிறுத்தினோம். அவள் என்னைக் குறை சொல்லவில்லை.

விடுதியை நடத்தியவர் ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண்மணி. என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சாவியைக் கீழே வைத்துவிட்டு இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளும், குளிர் தாங்குமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு, "மேல ரூம் சரிப்படுமாம்மா? இல்ல கீழயே தரட்டுமா?" என்றார்.

நான் முந்திக்கொண்டு, மாடி ரூம்தான் புக் பண்ணியிருக்கிறோம், பள்ளத்தாக்கு தெரியும் ரூம் என்றேன்.

"நான் அம்மாவைக் கேட்டேன் சார்" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை.

"கீழயே போதும்க்கா. உயரம்னா எனக்குத் தலை சுத்தும்" என்றாள் என் மனைவி.

எனக்கு அது தெரியாது. பத்தாவது மாடியில் குடியிருக்கிறோம். அவள் ஏன் காரிடாரில் உள்பக்கச் சுவரை ஒட்டியே நடப்பாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஈமெயிலில் கேட்டிருந்தேனே என்று விடுதிக்கார அம்மா மெதுவாகச் சொன்னபோது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழ் அறை ஜன்னலைத் திறந்தால் சமையலறைச் சுவர்தான் தெரியும். அவள் படுத்ததும் தூங்கிவிட்டாள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையிலிருந்து கேள்வி கேட்க ஆரம்பித்தேன். ஸ்ட்ராபெர்ரி தோட்டத்துக்குப் போவோமா, டீ எஸ்டேட் பார்க்கிறாயா, ரூமிலேயே இருப்போமா, உனக்கு என்னதான் வேண்டும், சொல். பத்தொன்பது வருஷத்துக் கேள்வியை ஒரே காலையில் கேட்டு முடித்துவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ. சாப்பாட்டு மேசையில் அவள் என் கையைத் தொட்டாள்.

"இப்ப கேட்டா எனக்கே தெரியலங்க" என்றாள். "உங்க மேல கோபம்கூட வர மாட்டேங்குது. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது சமாதானப்படுத்தியிருப்பேன். கோபமே இல்லையென்றால் எதைச் சமாதானப்படுத்துவது? மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் காரின் வேகத்தைக் குறைத்தேன். சீக்கிரம் போனால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூலை கடைசியில் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பெட்டிதான். லிஃப்ட் வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். மகள் என்னோடு இருக்கிறாள். வார இறுதியில் அம்மாவிடம் போய்விடுவாள். அந்த இரண்டு நாளும் வீட்டில் டிவி சத்தம் மட்டும்தான்.

போன மாதம் மகளின் படிப்பு விஷயமாகப் பேச, தேக்கா மார்க்கெட்டில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். வழக்கம்போல அவளுக்கு டீ சொல்லப் போனவன், நின்று, என்ன குடிக்கிறாய் என்று கேட்டேன். கோப்பி என்றாள். அவளுக்கு எப்போதுமே கோப்பிதான் பிடிக்குமாம். வாங்கி வைத்தேன். குடித்துவிட்டு, நன்றி சொல்லி, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள்.

எதை வாங்கப் போனாலும், யாரோடு உட்கார்ந்தாலும், உங்களுக்கு என்ன வேண்டும் என்று இப்போது நான் மறக்காமல் கேட்கிறேன்; யாரிடம் கேட்டிருக்க வேண்டுமோ அவள் வீட்டில் இல்லை என்பது ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் குத்துகிறது.