அண்ணன் பூட்டிவைத்த அம்மன்

ரப்பர் எஸ்டேட்டில் இருந்தவரை எங்கள் மாரியம்மனை எங்கள் சாதி ஆண்கள் மட்டும்தான் தோளில் தூக்கி ரதத்தில் ஏற்றுவார்கள். கடைசி லயத்துக்காரர்கள், கோடி வரிசை வீடுகளில் ஒதுக்கிவைத்த சாதியினர், கிட்டவே வரக்கூடாது. ரதமும் அவர்கள் பக்கம் போகாது. விடியற்காலை இருட்டில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும்போது மட்டும் எல்லோரும் ஒரே சாதி.

எஸ்டேட் விற்றுப்போனதும் கோவில் சிம்பாங் அம்பாட் டவுனுக்கு வந்தது. விரதம் இருக்கிற யாரும் அம்மனைத் தூக்கலாம் என்று புதுக் கமிட்டி முடிவெடுத்தது. என் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தில் நாற்காலியை வீசினார். திருவிழாவுக்கு முதல் நாள் கூட்டாளிகளோடு போய், ஐம்பொன் அம்மனை லாரியில் ஏற்றிவந்து தன் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"அவனுங்க தோள்ல அம்மா ஏறக்கூடாது. அவ்வளவுதான் லா!"

"அம்மாவக் கேட்டீங்களாண்ணே?" என்றேன். என்னை வெளியே போகச் சொன்னார்.

போலீசுக்குப் போகலாம் என்றார்கள் சிலர். கோவில் தலைவர் கடைசி லயத்தில் பிறந்தவர். "வேணாம். அம்மா அண்ணன் வீட்டுலதானே இருக்காங்க," என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ரதத்தில் அம்மன் படம்தான் போகிறது.

கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கோவிலுக்கே திரும்பிவிட்டார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள், கல்யாணம் காட்சி என்று இருக்கிறதே. அண்ணன் மட்டும், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்.

இப்போது அவருக்கு முட்டி போய்விட்டது. அம்மனுக்குப் புடவை மாற்ற நான்தான் போகிறேன். போன மாதம் திடீரென்று, "சாகறதுக்குள்ள அம்மாவ ஒரு தடவ ரதத்துல பார்க்கணும்," என்றார்.

"ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, தூக்க ஓடி வருவாங்க."

"யாரு, அவனுங்களா?" முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த வீம்பில் எத்தனை திருவிழாவை இழந்துவிட்டார்!

வாசலில் அர்ச்சனைத் தட்டு வைத்த வீட்டு முன்தான் ரதம் நிற்கும். அண்ணன் தட்டு வைப்பதில்லை. ஆனாலும் இந்த வருடம் அவர் கேட்டுக்கு நேராக மேளம் நின்றது. நான் அண்ணன் வீட்டுக்குள் இருந்தேன்; ஜன்னல் வழியே பார்த்தேன். தலைவரும் மற்றவர்களும் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அண்ணன் தடியை ஊன்றிக் கதவு வரை போனார். இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டார். அப்படியே நின்றுவிட்டு, திரும்பி வந்து மணியை எடுத்தார். வெளியே அவர்கள் படத்துக்குச் சூடம் காட்டினார்கள். உள்ளே இவர் தனியாக அம்மனுக்குக் காட்டினார்.

மேளச் சத்தம் தெருமுனையைத் தாண்டியது. அண்ணன் மணியைக் கீழே வைத்தார்.

"போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

"போயிட்டாங்கண்ணே," என்றேன்.