அம்மா விருது வாங்கிய நாள்

"பிள்ள நல்லா ஒறங்குதா. நீ தைரியமா போய் விருத வாங்கு" என்று பாறசாலையிலிருந்து கணவர் போனில் சொன்னார். பயிர் நோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச விருதைப் பெற நான் வெளிநாட்டுக்கு வந்திருந்தேன். மகளுக்குப் பத்து மாதம். சாதாரண வார்த்தைதான், ஆனால் இதே வார்த்தையை எங்கள் வீட்டில் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அம்மாவும் இப்படித்தான் ஒரு விருது வாங்க வெளிநாடு போனாள். மரச்சீனி என்கிற மரவள்ளியின் தேமல் நோயை ஆராய்ந்த பேராசிரியை அவள். போன இரண்டாம் நாள், குழந்தையாயிருந்த தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. விருது நாளன்று காலையில் இறந்துவிட்டான். முன்னறை முழுக்கப் பிச்சிப்பூ வாசமும் அழுகையுமாக இருந்தபோது போன் அடித்தது; அம்மாதான் என்று எல்லோருக்கும் தெரியும். எடுக்கப் போன அப்பாவின் கையை அம்மாவின் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"இப்பம் சொல்லாண்டாம் மாப்ளே. அங்க அவளத் தாங்க ஆருண்டு? விருத வாங்கீட்டு வரட்டு."

பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அப்பா போனை எடுத்து, "பிள்ள ஒறங்குதான்" என்றார்.

அம்மா மேடையில் சிரிக்கும் படம் பிறகு பத்திரிகையில் வந்தது. "பெத்தவளுக்கச் சிரிப்பப் பாரு" என்றாள் சித்தி. அன்று வாயை அடைத்துக்கொண்டவர்களில் அவளும் ஒருத்தி.

"பிள்ளைய எழுப்புங்க" என்றேன் கணவரிடம்.

"இப்பம்தான் கண்ணடச்சா. எழுப்பினா ஒரே அழுகையாக்கும்."

"அழட்டும். எழுப்புங்க."

அவள் வீறிட்டு அழுதாள். செய்வது சரிதானா என்று தெரியாமலே, போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன்.