கெட்டிமேளத்துக்குத் தனிச் சனல்

1

ஆரையம்பதியில் ஒரு கல்யாணம். மைக்கும் ஸ்பீக்கரும் என் பொறுப்பு. மேளக்காரரைப் பிடிக்க வசதியில்லாத வீடு. கெட்டிமேளம் என் லெப்டொப்பில் இருந்தது. அதே லெப்டொப்பில், லண்டனிலிருந்து மாப்பிள்ளையின் மாமா வீடியோ கோலில் இருந்தார். இரண்டு சத்தமும் ஒரே வயரில், மிக்சரின் ஒரே சனலுக்கு வந்தன.

ஐயர் கையை உயர்த்தினார். மேளத்தைக் கூட்டினேன். மாமாவும் சேர்ந்து கூடினார்.

"இஞ்சாரும், என்ட தேத்தண்ணி எங்க? இண்டைக்குள்ள வருமா?"

மண்டபமே சிரித்தது. பதறிப்போய்ச் சனலை இறக்கினேன். மாமாவோடு மேளமும் நின்றது. அந்த நேரம் பார்த்துத் தாலி ஏறியது.

மாப்பிள்ளையின் தாய் என்னிடம் வந்தார். "என்ன மனே செஞ்சிட்டாய்? மேளமில்லாமலெல்லோ என்ட புள்ள தாலி கட்டிட்டான்!"

கெட்டிமேளம் எதற்கென்று எனக்குத் தெரியும். தும்மல், அழுகை, வேண்டாத பேச்சு எதுவும் அந்த நேரம் காதில் விழக்கூடாது. அன்று பின்னேரம் மாமாங்கேஸ்வரர் கோயிலில் நின்று அந்தப் புதுத் தம்பதிக்காகக் கும்பிட்டேன்.

கசெட் காலத்தில் இந்தக் கரைச்சல் இல்லை. இரண்டு டெக், இரண்டு வயர், இரண்டு சனல். ஒன்றில் பாட்டு ஓடும். மற்றதில் கெட்டிமேளத்தைச் சரியான இடத்தில் நிறுத்தி, ஐயரின் கையைப் பார்த்தபடி பட்டனில் விரல் வைத்திருப்பேன். அந்த 'டக்' இன்னும் என் விரலில் இருக்கிறது.

2

சத்தம் வெளியே போக நாலு அவுட் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று வாங்கினேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. மனைவிதான் அதோடு வந்த இங்கிலிசுத் தாளைக் கூட்டி வாசித்தாள். எந்தச் சத்தம் எந்த அவுட்டால் போக வேண்டும் என்று கொம்பியூட்டரிலேயே சொல்லலாமாம். மேளம் ஒன்று, இரண்டால். கோல் மூன்று, நாலால்.

"பாட்டுக்கு ஒரு ரோட்டு, கோலுக்கு ஒரு ரோட்டு. இதுக்கா இவ்வளவு நாளும் நித்திரையில்லாமக் கிடந்தீங்க?" என்றாள்.

மிக்சரில் மேளம் ஐந்தாம் சனல், கோல் ஆறு.

3

அடுத்தது மாங்கேணியில். பெண்ணுக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்த அண்ணனுக்குக் கட்டாரில் லீவு கிடைக்கவில்லை. வீடியோ கோலில்தான் வரப்போகிறார். கல்யாணத்துக்கு முதல் நாள் எனக்குக் கோல் எடுத்தார்.

"அண்ணன், நான் வாழ்த்துறது அவளுக்குக் கேக்க வேணும். ஆனா நான் அழுதா அவளும் அழுவாள். சின்னதில இருந்தே அப்பிடித்தான். பயமாக் கிடக்கு."

"நான் பாக்கிறன் தம்பி. முருகன் இருக்கிறான்."

முகூர்த்தத்தில் நெட் இழுத்து, படம் உறைந்துவிட்டது. குரல் மட்டும் வந்தது. ஐயர் கையை உயர்த்தினார். ஹெட்போனில் அண்ணனின் மூச்சு உடைவது கேட்டது. ஆறை முழுதாக இறக்கி, ஐந்தை ஏற்றினேன். மண்டபம் அதிர்ந்தது. தாலி ஏறியது. பெண் சிரித்தபடி குனிந்திருந்தாள். பி.எப்.எல் பட்டனை அமுக்கியிருந்ததால், இறக்கிய சனல் என் ஹெட்போனில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் விம்மி விம்மி அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சி, தொண்டையைச் செருமினார். ஐந்தை இறக்கி, ஆறை மெல்ல ஏற்றினேன்.

"தங்கச்சி, நல்லா இரு புள்ள."

பின்னேரம் திரும்பவும் எடுத்தார். "அண்ணன், நான் அழுதது கேட்டதா?"

"மண்டபத்துக்குக் கெட்டிமேளம்தான் கேட்டது, தம்பி."

பொய் சொல்லவில்லை. முருகன் சாட்சி.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோலுக்கு எப்போதும் தனிச் சனல் கொடுங்கள். அதை இறக்கினாலும் ஹெட்போனைக் கழற்றாதீர்கள். அழுது முடித்து அந்தப் பக்கம் இருப்பவர் பேசத் தொடங்கும்போது, அதைக் கேட்டுச் சனலைத் திறந்துவிட ஒருவராவது இருக்க வேண்டும்.