அமராவதிபுதூரில் ஒன்பது மணிச் சாப்பாடு

திருச்சி விமான நிலையத்தில் இறங்கியபோது காலை பதினொன்றரை. வாடகைக் காரில் காரைக்குடிக்கு ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். அங்கிருந்து தேவகோட்டைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் அமராவதிபுதூர். மலேசியாவில், ஈப்போ நகரத்து மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். மூன்று மாத விடுப்பு எடுத்துக்கொண்டு, காரைக்குடியில் கைகால் முடங்கிய குழந்தைகளுக்கான இலவச மையம் ஒன்றில் வேலை செய்ய வந்திருந்தேன். தங்குவதற்கு ஒரு குடும்பத்தை மையத்தாரே ஏற்பாடு செய்திருந்தார்கள்.

அந்த வீட்டு ஸ்டெல்லா கணக்கு டீச்சர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கணவர் சேவியர் மின்வாரியத்தில் லைன்மேன். மகன்கள் இருவரும் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தார்கள்.

"வாங்க மேடம், இங்குட்டு வாங்க. வெயில்ல ரொம்ப நேரம் வந்திருக்கீக" என்று ஸ்டெல்லா என் கைப்பையைக்கூட வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை மையத்துக்குப் போக டவுன் பஸ் ஏறினேன். இருபது ரூபாய் நோட்டை நீட்டியபோது கண்டக்டர் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார்.

"லேடீஸுக்குக் காசு இல்லம்மா. எந்த ஊரு?"

"ஈப்போ."

"அது எங்குட்டு இருக்கு, திருப்பத்தூர்ப் பக்கமா?"

என் தமிழ் அவ்வளவு தூரத்திலிருந்து வந்ததாக அவருக்குத் தோன்றவில்லை. அன்று முழுக்க அந்தச் சந்தோஷம் இருந்தது.

வேலை எனக்குப் பழகியதுதான். வீடுதான் பழகவில்லை. என்னை எதையும் தொட விடவில்லை. சாப்பிட்டு எழுந்தால் தட்டு கையிலிருந்து மறைந்துவிடும். துணி துவைக்க உட்கார்ந்தால், "விருந்தாளுக துவைக்கிறதா, எந்திரிங்க" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் ஸ்டெல்லா. அவ்வளவு அன்பின் நடுவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தனிமையாக இருந்தது.

அதைவிடப் பெரிய சங்கடம் பசி. ஈப்போவில் ஆறரைக்கெல்லாம் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுகிறவள் நான். இங்கே சேவியர் அண்ணன் எட்டரைக்கு வருவார். குளிப்பார். மூவரும் கூடத்தில் உட்கார்வோம். அவர்கள் செபமாலை சொல்வார்கள். ஒன்பதுக்கு மேல்தான் தட்டு வைப்பார்கள். செபத்தின் நடுவில் என் வயிறு சத்தம் போடும். நான் இருமி மறைப்பேன். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். காரைக்குடி பேருந்து நிலையத்தில் பிஸ்கட் பாக்கெட்டுகள் வாங்கி, பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு தின்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை. கூடத்து ஆத்தங்குடித் தரைக்கல்லின் மஞ்சள் பூவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கறுப்பாக ஒரு கோடு. எறும்பு வரிசை. விளக்குமாற்றோடு அதன் பின்னாலேயே வந்த ஸ்டெல்லா என் அறைக்குள் நுழைந்து, பெட்டியருகே நின்றார்.

"உள்ள என்ன மேடம் இருக்கு?"

திறந்தேன். நாலைந்து பாக்கெட்டுகள். என் புடவை முழுக்க எறும்பு.

"எதுக்கு இது?"

"சாயங்காலம் கொஞ்சம் பசிக்கும். அதுதான்..."

அவர் முகம் சுருங்கிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தார். "எங்க வீட்ல பசியோடயா இருந்தீக, இம்புட்டு நாளும்?"

"உங்கள் வழக்கத்தை மாற்ற வேண்டாமே என்று..."

"வாயில என்ன, கொழுக்கட்டையா இருந்துச்சு? பசிக்குதுன்னு சொல்றதுக்கு என்னடி? வெளிநாட்டுல இருந்து வந்த புள்ள, கதவச் சாத்திக்கிட்டு ரொட்டியத் தின்னுச்சுன்னா நாளைக்கு யாரு மூஞ்சியில நான் முழிப்பேன்?"

சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் வருத்தத்தால் இல்லை. அந்த வீட்டில் முதல்முறையாக ஒருவர் என்னைத் திட்டியிருந்தார்.

"அக்கா, எனக்கு ஒரு வேலை கொடுங்கள். அது போதும்" என்றேன்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்குமாற்றை என்னிடம் நீட்டினார். "மொதல்ல ஒன் எறும்ப நீ கூட்டு."

அன்று மாலை ஆறரைக்கு அடுப்படியில் இரண்டு தட்டுகள் இருந்தன. வெங்காயம் உரித்துக் கொடுத்தது நான். அவர் தோசை வார்த்து, சட்னியோடு எனக்கு வைத்துவிட்டு, தன் தட்டிலும் ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

"பள்ளிக்கூடம் விட்டு வந்தா எனக்கும்தான் பசிக்கும். அவரு வாறதுக்கு முன்ன சாப்புட்டா நல்லா இருக்காதுன்னு இருந்துருவேன்."

நான் மூன்றாவது தோசையில் இருந்தேன். வாசலில் பைக் சத்தம். எங்கோ வேலை சீக்கிரம் முடிந்து சேவியர் அண்ணன் வந்துவிட்டார். ஸ்டெல்லா அக்கா தட்டோடு எழுந்தார். ஏனென்று தெரியாமல் நானும் எழுந்தேன்.

அண்ணன் எங்களையும் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உக்காருங்க. எதுக்கு எந்திரிக்கிறீக? நானும் தெனமும் ஏழு மணிக்கு டீக்கடையில ரெண்டு வடையத் தின்னுட்டுத்தான் வாரேன். நீ சாப்புடாமக் காத்திருப்பியேன்னு ஒன்பது மணிக்கு மறுபடி சாப்புடுறது."

"எத்தன வருசமா?"

"கல்யாணம் ஆனதுல இருந்து."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் பெல்டுல தள்ளித் தள்ளி ஓட்ட போடுறீகளா?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. என் தலையில் தட்டியவர் அண்ணன்தான்.

அதன்பிறகு செபமாலைக்கு முன்பே சாப்பாடு முடிந்தது. மிச்ச வாரங்களில் நான் பாத்திரம் கழுவினேன், அரிசி களைந்தேன், உப்பு கூடிப்போனதற்குப் பேச்சு வாங்கினேன். மையத்தில் யாராவது "உங்களுக்கு எந்த ஊரு" என்று கேட்டால் அமராவதிபுதூர் என்றே வாயில் வந்தது.

கிளம்பும் நாளில் இருவரும் திருச்சி வரை வந்தார்கள். வழியில் அக்கா என் வீட்டைப் பற்றி விசாரித்தார். எட்டாவது மாடி, ஒரு படுக்கையறை, தனியாகத்தான் இருக்கிறேன் என்றேன். பதினான்கு வருடமாக எதிர்வீட்டுக்காரர்களின் பெயர் தெரியும். அவர்கள் என்ன சமைப்பார்கள் என்று தெரியாது.

"நாங்க வந்தா இடம் இருக்குமா?"

"இருக்கும் அக்கா. சமையலறையில் மட்டும் ஒருவர்தான் நிற்க முடியும்."

"அதுக்கென்ன. நான் நிக்கிறேன். நீ வெளிய உக்காந்து வெங்காயம் உரி."

ஊர் திரும்பிய வாரம் இரண்டு நாற்காலி வாங்கினேன். அதுவரை என் சாப்பாட்டு மேசைக்கு ஒன்றுதான் இருந்தது.